இரண்டு முள்ளும் ஏறினால்

சாவியைத் திருப்பியதும் இரண்டு முள்ளும் எழுந்தன. முதலில் பெட்ரோல் முள், அதன் பின்னாலேயே சூட்டு முள். பழைய வண்டிகளின் முட்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. மதியத் தூக்கத்திலிருந்து எழுகிறவர்களைப் போல ஆற அமர ஏறி, இரண்டும் வலது கோடிக்குப் போய்ச் சாய்ந்துகொண்டன. டேங்க் நிறைந்திருக்கிறது என்றது ஒன்று. எஞ்சின் கொதிக்கிறது என்றது மற்றொன்று. எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை. சந்தியாகு ஒரு காலை வண்டிக்கு வெளியே போட்டபடி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் முப்பத்தாறு வருஷமாகக் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கிறவருக்கு இதைவிடச் சுலபமான வேலை வரப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். கண்ணை மூடினால் வேறு சங்கதிகள் வந்துவிடுகின்றன என்பதால் இப்போதெல்லாம் அவர் மூடுவதில்லை, அவ்வளவுதான். “பெட்ரோல் எவ்வளவு இருக்கும் டீச்சர்?” என்று கேட்டார். ஷெட்டின் தகர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் ஏழாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்த வசுமதி டீச்சர் சிவப்புப் பேனாவை நிறுத்தாமலே சொன்னார்: “முந்தாநாள் பத்து லிட்டர் போட்டேன்ணே. பாதிகூட இருக்காது. எர்த்துதானே? போன வருஷம் எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொன்னீங்களாம். ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறுச்சுன்னா எஞ்சின்ல ஒண்ணுமில்ல, எர்த்துதான்னு. அதனால நான் பயப்படவே இல்ல. ரெண்டு வாரமா அப்படியேதான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டிருக்கேன்.” சொல்லிவிட்டு ஒரு தாளில் பெரிய பெருக்கல் குறியைப் போட்டார். “நாளைக்கு அவரைக் கூட்டிட்டுக் கொடைக்கானல் ஏறணும். இடுப்பு ஆபரேஷன் பண்ணினவரு, பஸ்ல உக்கார முடியாது. ஒண்ணுமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாக் கிளம்பிருவேன்.” சந்தியாகுவுக்கு வாய் வரை வந்தது அந்த வார்த்தை. முப்பத்தாறு வருஷப் பழக்கம், வராமல் இருக்குமா. வந்ததை விழுங்கிவிட்டு, “பாக்கறேன் டீச்சர்” என்றார்.

டேஷ்போர்டுக்கு அடியில் நுழைய ஒரு முறை இருக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளி, முதுகைக் கீழே கொடுத்து, தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு காலையும் கதவுக்கு வெளியே நீட்டிவிட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். ஜெசி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து இந்தக் கால்களைப் பார்த்துத்தான் அப்பா என்று கண்டுபிடிப்பாள், உள்ளங்காலில் விரலால் கோடு போடுவாள். நாளை காலை ஆறு மணிப் பூசைக்கு அவள் கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அதை நினைக்காதே. ஒயரைப் பார். ஒயர்கள் முகத்துக்கு மேலே தொங்கின. மஞ்சளாக இருந்தது காப்பி நிறமாகியிருந்தது, சிவப்பாக இருந்ததும் காப்பி நிறமாகியிருந்தது. அவற்றுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் அந்தத் தகரப் பெட்டி. பேட்டரியிலிருந்து வருகிற பன்னிரண்டு வோல்ட்டை அடக்கிப் பத்தாக்கி இரண்டு முள்ளுக்கும் பங்கு வைக்கிற பெட்டி அது. அதன் உடம்பு வண்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக இருக்கும். அதுதான் எர்த். ஸ்க்ரூ துருப்பிடித்து அந்தத் தொடுதல் விட்டுப்போனால் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வந்த மின்சாரத்தை அடக்காமல் அப்படியே அனுப்பும், இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போகும். விஷயம் இவ்வளவுதான். எத்தனை பேர் வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கிறார்கள் இந்த ஷெட்டுக்கு. எஞ்சின் போச்சு, ஹெட் போச்சு, குடியே முழுகிப்போச்சு என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். ஒண்ணுமில்லண்ணே, எர்த்துதான் என்பார். அந்த முகங்கள் தளர்வதைப் பார்க்க அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை செய்வதைவிட அந்த வார்த்தையைச் சொல்வதில்தான் அவருக்கு ருசி. கர்வம் என்றுகூடச் சொல்லலாம், சொன்னால் என்ன தப்பு, கர்வம்தான். வீட்டிலும் சாப்பிடும்போது அந்தக் கதைகளைச் சொல்வார், மனைவி பிரகாசி கேட்டுச் சிரிப்பாள். எத்தனையாவது தடவை என்றாலும் சிரிப்பாள். அவள் அவ்வளவு சிரித்திருக்க வேண்டாம்.

டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைக் கரண்ட் வருகிற இடத்தில் மாட்டி இன்னொரு முனையைப் பெட்டியின் உடம்பில் வைத்தார். பல்பு எரியவில்லை. எர்த் இல்லை. சரிதான், எர்த்துதான், நாம் என்ன நினைத்தோமோ அதேதான், என்று மனது ஒரு கணம் பழைய மாதிரி துள்ளி, துள்ளின இடத்திலேயே நின்றுவிட்டது. அன்று காலை பிரகாசி முதலில் சொன்னது தலையா தாடையா? இந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை வரிசைப்படுத்திப் பார்த்திருப்பார். தலை பாரமாக இருக்கிறது என்றாள். இல்லை, முதுகு. அடுப்புக்கு முன்னால் நின்று தோசையைத் திருப்பிப் போட்டபடி, முகத்தை இந்தப் பக்கம் காட்டாமல், “என்னங்க, ராத்திரியிலிருந்து முதுகு கடுக்குது” என்றாள். ஆமாம், முதுகுதான் முதலில். பிறகு தலை. பிறகு இடது தோள்பட்டை. வயிற்றுக்கு மேலே ஒரு எரிச்சல். கடைசியாகத்தான் தாடை. “பல்லு வலியும் இல்ல, தாடை மட்டும் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு. எல்லாமே ஒரே நேரத்துலங்க.” அவள் அப்படித்தான், எதையும் அப்போதைக்கப்போது சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணி மாதிரி சேர்த்து வைத்து ஒரே நாளில் எடுத்துப் போடுவாள். அவருக்கும் பழகிப்போயிருந்தது. ஏழரை மணி, எட்டுக்கு ஷெட்டைத் திறக்க வேண்டும், யாருக்கோ கல்யாண வேனில் ஹார்ன் அடிக்கவில்லை. தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாரா? பார்த்த மாதிரியும் இருக்கிறது, தட்டில் சட்னியைப் பார்த்த ஞாபகமும் இருக்கிறது. முகத்தைப் பார்த்திருந்தால் வேர்த்திருப்பது தெரிந்திருக்கும். வேர்த்திருந்ததா? அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு வேர்க்காதா. முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “எல்லா முள்ளும் ஒண்ணா ஏறுனா ஒண்ணுமில்லடி. எர்த்து விட்டுப்போயிருக்கு. செருப்பைக் கழட்டிட்டு வெறுங்கால்ல தரையில கொஞ்ச நேரம் நில்லு, எல்லாம் எறங்கிரும்.” நல்ல நகைச்சுவை. வாழ்நாள் முழுக்கச் சொன்னதிலேயே நல்ல நகைச்சுவை அதுதான். அவள் சிரித்தாள். தோசைத் திருப்பியை வைத்துவிட்டு, “ஆமா, நானும் ஒரு பழைய வண்டிதானே” என்று சிரித்தாள். அவர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆணியில் தொங்குகிற சட்டைப் பையில் போன் அடித்தது. “அண்ணே, போன்” என்றார் டீச்சர். கை இரண்டும் ஒயர்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. மணியின் பாட்டை வைத்தே தெரியும், ஜெசிதான். அவளே வைத்துக்கொடுத்த மணி. அடிக்கட்டும். “அப்புறம் பேசிக்கறேன் டீச்சர்.” அடித்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்தபின் ஷெட்டில் ஒரு அமைதி வந்தது, அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படித்தான் அன்றைக்கு அங்கே, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், நர்ஸ் உடுப்பின் பையில் ஜெசியின் போனும் அடித்திருக்கிறது. பதினொன்று பத்துக்கு. வார்டில் பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்திருந்தார். அம்மா என்று பெயர் தெரிந்தது, மதியம் கூப்பிடலாம் என்று அழுத்திவிட்டாள். மதியம் பன்னிரண்டே காலுக்கு எதிர்வீட்டு வெரோணிக்கா உப்புக் கேட்க வந்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிரகாசி விழுந்துகிடப்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலம் வந்து இறங்கினதிலிருந்து ஜெசி கேட்கிறாள். அடக்கத்தன்று கேட்டாள், முப்பதாம் நாள் பூசையில் கேட்டாள், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டே கேட்டாள்: “காலைல உங்ககிட்ட அம்மா ஏதாவது சொன்னாளாப்பா? உடம்புக்கு என்னமாவது?” ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். ஒண்ணும் சொல்லலம்மா, நல்லாத்தான் இருந்தா. அடக்கத்தன்று அந்தப் பதில் தானாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை மாற்ற முடியவில்லை. மாற்ற முடியாததற்குக் காரணம் பயம், வேறென்ன, மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற பயம். அந்தப் பொய் யார் தலையில் போய் உட்காரும் என்று அப்போது தோன்றவில்லை. “அப்ப அம்மா யார்கிட்டயும் சொல்லல. எனக்கு மட்டும்தான் சொல்ல வந்திருக்கா. நான் கட் பண்ணிட்டேன்” என்றாள் ஜெசி குடிலுக்கு முன்னால். “நான் நர்ஸுப்பா. தாடை, தோளுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், கண்டுபிடிச்சிருப்பேன்.” தாடை என்று அவள் சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அதிலிருந்து அவள் எந்தப் போனையும் விடுவதில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் கூப்பிட்டாலும் எடுக்கிறாள், ட்யூட்டியில் எடுத்துத் திட்டு வாங்குகிறாள். மெலிந்துவிட்டாள். தூங்குவதில்லை என்று மருமகன் சொல்கிறார்.

கோயில் சாமியாரிடம் சொன்னார். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னார், தோசை, சட்னி, எர்த் உட்பட. சாமியாருக்கு எர்த் புரிந்ததோ என்னவோ, அது பாவமில்லை, அறியாமல் நடந்தது, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள் என்று மன்னிப்புக் கொடுத்துவிட்டார். மூன்றுக்குப் பதில் முந்நூறு சொன்னார். சொல்லியும் ஒன்றும் இறங்கவில்லை. பிரகாசி அந்தச் சாமியாருக்கு யார்? பங்குக் கோயில் பதிவில் ஒரு பெயர். நாளைக் காலை அவளுடைய வருஷப் பூசையில் அந்தப் பெயரை வாசிப்பார், பக்கத்தில் ஜெசி நிற்பாள், திரும்பி வருகிற வழியில் மறுபடி கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள். கேட்டால் மறுபடி ஒண்ணும் சொல்லலம்மா. இப்படியே எத்தனை வருஷப் பூசை?

ஸ்க்ரூ கழன்று வந்தது, துருவோடு. பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், கண்ணில் தூசு விழுந்தது. கண் கலங்கினால் தூசு என்று சொல்லிக்கொள்ள இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. உள்ளே தகரம் பளபளவென்று தெரிந்தது. புது ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கி டெஸ்ட் லேம்ப்பை வைத்தார், பல்பு எரிந்தது. வெளியே வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பெட்ரோல் முள் எழுந்து பாதிக்குக் கீழே ஒரு இடத்தில் நின்றுகொண்டது. பத்து லிட்டருக்கு அதுதான் நியாயம். சூட்டு முள் அசையவே இல்லை, இடது கோடியில் குளிர்ந்துபோய்க் கிடந்தது. டீச்சரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், வந்து ஒரு மணி நேரமும் ஆகிவிட்டது. டீச்சர் விடைத்தாள்களைக் கட்டி எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முகம் தளர்ந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்த அதே தளர்வு. “பாத்தீங்களா, எர்த்துதான். வேற ஒண்ணுமில்லையேண்ணே?” இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருக்கிறது. எஞ்சின், தண்ணீர், ஆயில் எல்லாம் மெக்கானிக் கணக்கு. எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்தால் பேட்டரியோடு நிறுத்திக்கொள்வான், ரேடியேட்டரின் தண்ணீர் மூடியில் கை வைக்க மாட்டான். எல்லா ஷெட்டிலும் அப்படித்தான். அவரும் முப்பத்தாறு வருஷமாக வைத்ததில்லை. ஆனால் வார்த்தை வரவில்லை. “டீச்சர், ஒரு அரை மணி நேரம் இருங்க” என்றார். “வண்டியை ஓடவிட்டுப் பாத்துர்றேன்.” டீச்சருக்குப் புரியவில்லை. “அதான் முள்ளு எறங்கிருச்சே?” “எறங்கிருச்சு. இருந்தாலும் இருங்க.” டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கட்டை அவிழ்த்து மறுபடி பேனாவைத் திறந்தார்.

எஞ்சின் ஓடியது. பங்குனி வெயில் பானெட்டில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. அவர் சீட்டில் உட்கார்ந்து சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் அது லேசாக எழுந்தது. எழட்டும், எழ வேண்டும், ஓடுகிற எஞ்சின் சூடாகாமல் இருக்குமா. டாக்டர்கூட அப்படித்தான் சாதாரணமாகச் சொன்னார், இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே: பொம்பளைங்களுக்கு நெஞ்சுதான் வலிக்கணும்னு இல்லைங்க, முதுகு, தோள், வயிறு, தாடைன்னு எங்க வேணா காட்டும், நிறைய பேர் கவனிக்கறதில்ல. அந்த வரிசை. தலையைத் தவிர ஒன்றுகூட விடாமல் அதே வரிசை. அவர் அங்கே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டினதுதான் இப்போதும் நினைவிருக்கிறது, ஏதோ அடுத்தவர் வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பது போல. முள் நடுவுக்கு வந்தது. இங்கே நின்றுவிடு. நடுவில் நின்றால் நல்ல எஞ்சின், டீச்சர் போகலாம், நான் முப்பத்தாறு வருஷமாகச் சொன்னது சரி, அன்றைக்குச் சொன்னதும் ஒரு வகையில். இல்லை, ஒரு வகையிலும் இல்லை. செருப்பை மறந்துவிட்டாயா. நீல ரப்பர் செருப்பு. குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் சொன்னதிலிருந்து நாலு வருஷமாக அவள் கால் வெறும் தரையில் பட்டதில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்குள்ள செருப்பா என்று கேலி பேசுவார்கள், அவள் கண்டுகொள்ள மாட்டாள். ராத்திரி ஜெபத்துக்குத் திருஇருதயப் படத்துக்கு முன்னால் நிற்கிறபோது மட்டும் கழற்றுவாள். அன்று அவர் வீட்டுக்குள் ஓடியபோது செருப்பு இரண்டும் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஜோடியாக, ஒழுங்காக, கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கொல்லையில் சிமெண்டுத் தரையில் அவள் வெறுங்காலோடு கிடந்தாள். வெரோணிக்கா அழுதுகொண்டே கேட்டாள், அக்கா ஏன் செருப்புப் போடாம வெயில்ல வந்துச்சு? ஜெசியும் கேட்டாள். தெரியலம்மா. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது தெரியும். முடியாமல் போனபோது, மகளும் போனை எடுக்காதபோது, புருஷன் சிரித்துக்கொண்டு சொன்ன வைத்தியத்தைச் செய்துபார்த்திருக்கிறாள். நம்பித்தான் செய்திருப்பாள். அவர் சொல்லி எது இறங்காமல் இருந்திருக்கிறது.

முள் நடுவைத் தாண்டியது. அவர் சீட்டில் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், பக்கத்தில் பெட்ரோல் முள் தன் இடத்தில் அப்படியே இருந்தது. சூட்டு முள் மட்டும், தனியாக, கொஞ்சம் கொஞ்சமாக, சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. கண்ணாடியை விரலால் தட்டினார். தட்டினால் தடுமாறுகிற முள் பொய், இது தடுமாறவில்லை. சிவப்பைத் தொட்டதும் சாவியைத் திருப்பி நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினபோது அனல் முகத்தில் அடித்தது. மூடியைத் தொடவில்லை, சூட்டில் திறந்தால் கையையும் முகத்தையும் சேர்த்து வேகவைத்துவிடும் என்பது எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். குனிந்து பார்த்தார். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாயின் வளைவில் ஒரு வெடிப்பு, நகம் அளவுக்கு. அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரே நாளில் பூத்ததல்ல. இரண்டு வாரமாவது ஆகியிருக்கும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எர்த்தும் போயிருந்தது. சூடும் உண்மை. பொய்யாக ஏறின முள்ளுக்கு அடியிலேயே உண்மையாக ஏறினதும் இருந்திருக்கிறது, பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாமல். நாளைக்கு மலை ரோட்டில் ஏழெட்டு வளைவு ஏறுவதற்குள் எஞ்சின் பிடித்துப்போய் நின்றிருக்கும், உள்ளே இடுப்பு ஆபரேஷன் செய்தவர். “டீச்சர், இங்க வாங்க” என்றார். “எர்த்தும் போயிருந்துச்சு. சூடும் நெஜந்தான். ரெண்டும் இருந்திருக்கு.” டீச்சர் குழாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “நீங்கதானேண்ணே சொன்னீங்க, சேர்ந்து ஏறுனா—” “தப்பாச் சொல்லியிருக்கேன் டீச்சர். நான் சொன்னது தப்பு.” இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஒரு வருஷமாக வராதது, ஒரு அந்நியப் பெண்ணிடம், ஒரு ரப்பர் குழாயைக் காட்டிக்கொண்டு. டீச்சர் மறுபடி குனிந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். பிறகு, “நல்லவேளை, இருந்து பாத்தீங்க” என்றார், “இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்.” அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்குத் தெரியாமல் இருக்க ஷெட்டுக்குள் போய்ச் சட்டை மாட்டியிருந்த ஆணிக்கு முன்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். இருந்து பார்த்திருக்கலாம். அன்றைக்கும் ஒரு அரை மணி நேரம் இருந்து பார்த்திருக்கலாம்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எஞ்சின் இரைச்சலில் கேட்காதவற்றையும் சேர்த்து நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். விரலில் கிரீஸ், எழுத்துகள் வழுக்கின. இப்போது வேண்டாம், சாயங்காலம் வரட்டும், நேரில் சொல்லலாம், ராத்திரி சாப்பிட்டுத் தூங்கட்டும், பூசை முடியட்டும். மனது எத்தனை இடம் கண்டுபிடிக்கிறது ஒளிந்துகொள்ள. அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள், இப்போதெல்லாம் அப்படித்தான். “அப்பா! என்னப்பா, எத்தனை தடவை கூப்பிடறது, நான் பயந்தே போயிட்டேன். உடம்பு நல்லாத்தானே இருக்கு?” பின்னால் பஸ் இரைந்தது, யாரோ டிக்கெட் கேட்டார்கள். “நல்லா இருக்கேம்மா. எங்க வர்ற?” “உடுமலை தாண்டிட்டோம். பூக்காரம்மாகிட்ட மாலைக்குச் சொல்லிட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.” “சொல்லிட்டேன்.” அவர் சுவரில் இருந்த பழைய காலண்டரின் மாதாவைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். “அப்பா? இருக்கீங்களா?” “ஜெசி,” என்றார், “அம்மா எங்கிட்டச் சொன்னாம்மா.” “என்ன?” “அன்னைக்குக் காலைல. நீ கேட்டுக்கிட்டே இருந்தேல்ல. சொன்னா. ஏழரை மணிக்கே சொன்னா. உனக்குப் போன் பண்றதுக்கு ரொம்ப முன்னாடி.” பஸ் எதையோ முந்திக்கொண்டு ஹார்ன் அடித்தது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஒரு வருஷம். “முதுகு கடுக்குதுன்னா. தலை பாரம்னா. எடது தோளு. வயித்துல எரிச்சல். தாடை இழுத்துப் பிடிக்குதுன்னா, ஜெசி. தாடைன்னு சொன்னா. நான் மொகத்தைக்கூடப் பாக்கல. எல்லாம் ஒண்ணா ஏறுனா ஒண்ணுமில்லடி, எர்த்துதான், செருப்பைக் கழட்டிட்டுத் தரையில நில்லுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதான் அவ செருப்பைக் கழட்டிட்டு நின்னுருக்கா. நீ கட் பண்ணினதால இல்லம்மா. நான்தான்.” வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, மறுபடி காதில் வைத்தார். மூச்சு கேட்டது. பிறகு அழுகை கேட்டது. பஸ் முழுக்க ஆட்கள் இருக்கிறபோது, வாயை மூடிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அவர் திட்டு வரும் என்று காத்திருந்தார். வரட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இனிமேல் பேசவே மாட்டேன் என்றாலும் சரி. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெசி கேட்டாள்:

“நீங்க அப்படிச் சொன்னதுக்கு அம்மா என்ன பண்ணாப்பா?”

“சிரிச்சாம்மா,” என்றார் சந்தியாகு. “நானும் ஒரு பழைய வண்டிதானேன்னு சொல்லிச் சிரிச்சா.”

அவள் திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. பஸ் பழனி ரோட்டில் இரைந்துகொண்டு வருவதை அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.